தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு

அந்தக் கல்லூரியின் வேதியியல் துறையில் வேதிவினை நடந்து யாரும் பார்த்ததில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. துறையே மார்தட்டிச் சொல்லிக்கொள்ளும் விஷயம் இது. மற்ற கல்லூரிகளில் ஆய்வகம் என்றால் மேசையெல்லாம் கறை இருக்கும், மூக்கைத் துளைக்கும் நெடி இருக்கும், ஏதாவது ஒரு மாணவனின் சட்டையில் அமிலம் பட்ட ஓட்டை இருக்கும். இங்கே மேசைகள் கண்ணாடி மாதிரி மின்னும். உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடலாம். ஆசிரியர்கள் மதியச் சாப்பாட்டை அங்கேதான் முடித்துக்கொள்வார்கள்.

இங்கே அடிப்படை வேதியியல் படிக்க வந்து சேர்ந்தார் கண்டக்டரம்மா. கல்யாணத்துக்கு முன்பிருந்தே பேருந்தில் நின்றுகொண்டு டிக்கெட் கிழித்தவர். முழங்கால் தேய்ந்துவிட்டது. எலும்பு டாக்டர், இனி நின்றுகொண்டு செய்யும் வேலை வேண்டவே வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார். மேலதிகாரிகளிடம் முறையிட்டபோது, குடிநீர் நிலையத்தில் தண்ணீரைச் சோதிக்கும் வேலை ஒன்று காலியாக இருக்கிறது, உட்கார்ந்தே செய்யலாம், ஆனால் வேதியியலில் தேர்ச்சி பெற்றாக வேண்டும் என்றார்கள். தேர்ச்சி இல்லாவிட்டால் வேலையும் இல்லை, வீட்டில் உட்கார வேண்டியதுதான். சும்மா உட்காருகிற ஆள் இல்லை அவர்.

அதே வருடம் அவருடைய மகளும் அதே வகுப்பில் சேர்ந்திருந்தாள். இருவருக்கும் வீட்டு விலாசம் ஒன்று என்பதால் ஆய்வகத்தில் ஒரே மேசை கொடுத்துவிட்டார்கள். மகளுக்கு உயிரே போய்விட்டது.

“அம்மா, கிளாஸ்ல என்னைத் தெரியாத மாதிரி இரும்மா.”

“சரிடி. சில்லறை இருக்கான்னு மட்டும் கேக்கறேன்.”

செய்முறை வகுப்பை நடத்தியவரை மாணவர்கள் ஸ்கேல் சார் என்று கூப்பிட்டார்கள். அவர் கையில் எப்போதும் ஓர் இரும்பு ஸ்கேல் இருக்கும். நோட்டில் தலைப்புக்கு அடியில் சிவப்புக் கோடு வளையாமல் போட்டிருக்கிறதா என்று வைத்துப் பார்ப்பார். கோடு நேராக இருந்தால் அந்த மாணவனுக்கு வேதியியல் வந்துவிட்டது என்று பொருள்.

முதல் நாள் அவர் விதிகளைச் சொன்னார். செய்முறையை வீட்டிலேயே எழுதிக்கொண்டு வர வேண்டும். ‘காண்பவை’ என்ற கட்டத்தையும் வீட்டிலேயே நிரப்பிவிட வேண்டும். ஆய்வகத்துக்கு வருவது கையெழுத்து வாங்குவதற்கு.

கண்டக்டரம்மா எழுந்து நின்றார். “சார், ஒரு சந்தேகம். செஞ்சு பாக்கறதுக்கு முன்னாடியே பாத்ததை எப்படி எழுதறது?”

“செஞ்சு பாத்துட்டு எழுதினா தப்பு வந்துடும்மா” என்றார் ஸ்கேல் சார், அன்பாக. “புத்தகத்தைப் பாத்து எழுதினா வராது.”

வகுப்பே தலையாட்டியது. மகள் மேசைக்கு அடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

அன்றைய சோதனை சாதாரணமானதுதான். சோதனைக் குழாயில் உப்புக் கரைசல் எடுத்துக்கொண்டு, அதில் சில்வர் நைட்ரேட் கரைசலைச் சில துளிகள் விட வேண்டும். இரண்டும் வினைபுரிந்து தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு உண்டாகும். தண்ணீரில் உப்பு இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் சோதனை இதுவேதான் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. குடிநீர் நிலையத்தில் தனக்கு இதுதான் வேலை என்று தெரிந்ததும் கண்டக்டரம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு துளிகளை விட்டார்.

ஒன்றும் நடக்கவில்லை. தெளிவாக இருந்த தண்ணீர் தெளிவாகவே இருந்தது. குலுக்கிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் ஊற்றினார். குழாய்தான் நிறைந்தது.

சுற்றிலும் எல்லா மேசையிலும் அதே தெளிந்த தண்ணீர். எல்லா நோட்டிலும் தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு. ஸ்கேல் சார் ஒவ்வொரு கோடாக அளந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். கண்டக்டரம்மாவின் நோட்டில் ‘எதுவும் நடக்கவில்லை’ என்று எழுதியிருந்தது.

“என்னம்மா இது?”

“பாத்ததை எழுதினேன் சார்.”

“சமன்பாடு போட்டீங்களா?”

“போட்டேன் சார்.”

“ரெண்டு பக்கமும் சமமா வந்துச்சா?”

“வந்துச்சு சார்.”

“அப்புறம் எப்படி நடக்கலங்கறீங்க?” என்று ஸ்கேல் சார் உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டார்.

அன்று வீட்டில் பெரிய சண்டை. “எல்லாரும் எழுதறாங்க, நீ மட்டும் ஏம்மா இப்படி மானத்தை வாங்கறே? ஒரே மேசைம்மா. உனக்குப் போட்டா எனக்கும் சேத்துத்தான் முட்டை போடுவாங்க” என்று மகள் அழுதாள். அவள் பள்ளிக்கூடத்திலிருந்தே முழு மதிப்பெண் வாங்கிப் பழகியவள்.

அப்பா தட்டைக் கழுவியபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பேருந்து ஓட்டுநர். மனைவி கண்டக்டராக இருந்த அதே வண்டிக்கு. “உங்கம்மா ரைட் குடுத்தா நான் திரும்பிப் பாக்காம வண்டியை எடுப்பேன்” என்றார். “படிக்கட்டுல ஒரு கால் இருந்தாக்கூட விசில் வராது. அவளைப் போய் நடக்காததை நடந்துச்சுன்னு எழுதச் சொன்னா எப்படிம்மா எழுதுவா?”

துறை சும்மா இருக்கவில்லை. கண்டக்டரம்மாவுக்குப் பார்வைக் கோளாறு என்று முடிவு செய்து கண் டாக்டரிடம் அனுப்பியது. பார்வை நன்றாக இருக்கிறது என்று அவர் எழுதிக் கொடுத்ததும் துறைக்குக் கவலை அதிகமாகிவிட்டது. கண் நன்றாக இருந்தும் ஒருவருக்கு வீழ்படிவு தெரியவில்லை என்றால் அது ஒழுக்கக் கோளாறாகத்தான் இருக்க வேண்டும். உடனே வீழ்படிவு விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. நடுநிலைமைக்காக வேதியியல் தெரியாதவர்களாகப் பார்த்துப் போட்டார்கள்: விளையாட்டு ஆசிரியர், நூலகர், வரலாற்றுப் பேராசிரியர்.

குழு ஆய்வகத்தில் கூடித் தேநீர் குடித்தது. சோதனைக் குழாய் கைமாறிக் கைமாறிப் போனது. வரலாற்றுப் பேராசிரியர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “முன்னொரு காலத்துல இங்க வீழ்படிவு இருந்திருக்கலாம்னு தோணுது” என்றார். விளையாட்டு ஆசிரியர், “ஓடிட்டு வந்து பாத்தா தெரியுமோ என்னவோ” என்றார். நூலகர் மட்டும் தனக்கு எதுவும் தெரியவில்லை என்றார். பிறகு வாக்கெடுப்பு நடந்தது. பெரும்பான்மை வாக்குகளால் குழாயில் வெண்ணிற வீழ்படிவு உருவானது. தயிர் போன்றதா இல்லையா என்பதை முடிவு செய்ய அடுத்த கூட்டம் குறிக்கப்பட்டது.

முடிவைத் துறைத் தலைவர் கண்டக்டரம்மாவைத் தம் அறைக்கு அழைத்துத் தெரிவித்தார். அந்த அறையில் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு கண்ணாடி பீரோ நின்றது. உள்ளே வரிசை வரிசையாகப் பாட்டில்கள், ஒவ்வொன்றின் கழுத்திலும் உடையாத சீல். பீரோ சாவி துறைத் தலைவரின் இடுப்பில் தொங்கியது. பேசும்போது அடிக்கடி அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கண்டக்டரம்மா பீரோவையே பார்த்தார். நடுத்தட்டில் ஒரு பழுப்புப் பாட்டில். சில்வர் நைட்ரேட் என்று எழுதியிருந்தது.

“சார், அது இங்கயே இருக்கு. எங்க மேசையில இருக்கற பாட்டிலை லேப் உதவியாளர் தண்ணிக் குழாயில புடிச்சு நிரப்பறதை என் கண்ணால பாத்தேன். இதுல ரெண்டு சொட்டு குடுங்க சார். நடந்துச்சுன்னா நடந்துச்சுன்னு எழுதிட்டுப் போறேன்.”

துறைத் தலைவர் எழுந்து பீரோவை மறைத்துக்கொண்டு நின்றார்.

“அம்மா, நீங்க புதுசு. உங்களுக்குப் புரியாது. இந்தத் துறை ஆரம்பிச்ச நாள்லேருந்து ஒரு துளி வேதிப்பொருள் வீணானது கிடையாது. எனக்கு முன்னாடி இருந்த தலைவர் இதை அப்படியே என்கிட்ட ஒப்படைச்சார். நான் அப்படியே அடுத்தவர்கிட்ட ஒப்படைப்பேன். வேதிப்பொருளை வெளியில விட்டா என்ன ஆகும்? ஒண்ணோட ஒண்ணு சேரும், மாறிப்போகும். போனது போனதுதான், திரும்ப வராது. எதுவும் எதுவோடயும் சேராம பாத்துக்கறதுதாம்மா இந்தத் துறையோட கடமை.”

இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. நல்ல மனிதர்தான். ஆனால் கண்டக்டரம்மாவுக்கு அன்று நெஞ்சு கொதித்தது. வெளியே வந்து மாடிப்படியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நாளைக்கு ஒரு ஊரே குடிக்கப் போகிற தண்ணீரைக் கையில் கொடுத்து, இதில் உப்பு இருக்கிறதா என்று கேட்பார்கள். வீழ்படிவு எப்படி இருக்கும் என்று ஒருமுறைகூடப் பார்க்காத ஆள் என்ன சொல்ல முடியும்?

அந்த வார விடுமுறையில் மகளை இழுத்துக்கொண்டு குடிநீர் நிலையத்துக்குப் போனார். “எனக்கு எதுக்கு?” என்று மகள் வழியெல்லாம் முணுமுணுத்தாள். அங்கே சோதனை அறையில் இருந்தவர் ஓய்வு பெறப் போகிறவர். விஷயத்தைச் சொன்னதும், “இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?” என்று சிரித்துக்கொண்டே ஒரு பழுப்புப் பாட்டிலை எடுத்தார். உப்புக் கரைசலில் துளிகளை விட்டார்.

விட்ட இடத்திலேயே குழாய்க்குள் வெள்ளையாகத் திரண்டது. புகை போலச் சுருண்டு, கட்டி கட்டியாக ஆகி, மெதுவாக அடியில் இறங்கியது. ஒரு நிமிடத்துக்கு முன் அங்கே இல்லாத ஒன்று இப்போது இருந்தது.

கண்டக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமாகவும் இருந்தது. திரும்பிப் பார்த்தால் மகள் குழாயில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

“அம்மா, இதுதானாம்மா அது? இதைப் பத்தி நான் பக்கம் பக்கமா எழுதியிருக்கேன். முழு மார்க் வாங்கியிருக்கேன். இப்படி இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாதும்மா.” பிறகு கோபத்தோடு, “யாரும் காட்டவே இல்லையே” என்றாள்.

இன்னொரு குழாயில் காய்ச்சி வடித்த தண்ணீரை எடுத்து, சோதனை அறைக்காரர் துளிகளை விட்டார். ஒன்றும் நடக்கவில்லை. “இதுக்கு என்ன எழுதுவீங்க?” என்று கேட்டாள் மகள். “எதுவும் நடக்கலன்னு எழுதுவோம். வேற என்னத்தை எழுதறது?” என்றார் அவர்.

அம்மாவும் மகளும் தாங்களே செய்து பார்த்தார்கள். ஆசை தீராமல் திரும்பத் திரும்பச் செய்தார்கள். கண்டக்டரம்மாவின் ஆள்காட்டி விரலில் ஒரு சொட்டு பட்டது. வீட்டுக்கு வருவதற்குள் அந்த இடம் கறுத்துப்போயிருந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

அடுத்த வாரம் கல்லூரியின் தரத்தைப் பார்க்க ஆய்வுக் குழு வந்தது. கட்டடத்துக்கு வெள்ளையடித்தார்கள். துறைத் தலைவர் அன்று காலை கண்டக்டரம்மாவைத் தனியாக அழைத்தார். பக்கத்தில் ஸ்கேல் சார் ஒரு சோதனைக் குழாயை வைத்துக்கொண்டு நின்றார். அதன் அடியில் கொஞ்சம் முகப்பவுடர் போடப்பட்டிருந்தது.

“நீங்க ஒண்ணும் பொய் சொல்ல வேண்டாம்மா. இதுல ஊத்துங்க, வெள்ளையா தெரியும். தெரியறதை எழுதுங்க. உங்க பொண்ணு நல்லாப் படிக்கற பொண்ணு. ஒரே மேசை வேற. நீங்க பிடிவாதம் புடிச்சா அந்தப் பொண்ணோட மார்க்கும் போகும். ஒரு தாயா யோசிச்சுப் பாருங்க.” அப்போதுதான் விரல் அவர் கண்ணில் பட்டது. “என்ன இது அழுக்கு? போய்க் கையைக் கழுவிட்டு வாங்க.”

“கழுவினா போகாது சார்” என்றார் கண்டக்டரம்மா. “இதுதான் வினை.”

துறைத் தலைவர் ஓரடி பின்வாங்கினார்.

ஆனால் கண்டக்டரம்மா மேசைக்குத் திரும்பியபோது ஸ்கேல் சார் அந்தக் குழாயை அங்கே கொண்டுவந்து வைத்திருந்தார். தன் வேலை போனால் போகட்டும், மகளின் மதிப்பெண்ணைப் பணயம் வைக்க அவருக்கு உரிமை உண்டா? பவுடர் குழாயைக் கையில் எடுத்தார். “உனக்காக எழுதிடறேண்டி” என்றார் மெதுவாக. அதற்குள் ஆய்வுக் குழு உள்ளே வந்துவிட்டது.

குழுத் தலைவர் தேன் வழியும் குரலில் கேட்டார். “சொல்லும்மா, இந்தச் சோதனையில என்ன பாத்தீங்க?” கேள்வி மகளைப் பார்த்து வந்தது.

மகள் அம்மாவின் கையிலிருந்து பவுடர் குழாயை வாங்கி ஓரமாக வைத்தாள். மேசையில் இருந்த இரண்டு பாட்டிலையும் எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி வெறும் குழாயில் ஊற்றினாள்.

“எதுவும் நடக்கல சார். இதுல இருக்கறது உப்புத் தண்ணி. இதுல இருக்கறது குழாய்த் தண்ணி. அதுல இருக்கறது ஸ்கேல் சாரோட பவுடர். நிஜமானது தலைவர் ரூம்ல பூட்டி இருக்கு. அதைத் திறந்தா நடக்கும். எங்கம்மா அன்னிலேருந்து இதையேதான் சொல்றாங்க.”

துறைத் தலைவரின் கை இடுப்புச் சாவிக்குப் போனது. குழுத் தலைவர் அவரைப் பார்த்தார். “நிஜமா திறக்கவே இல்லையா?”

“இல்லைங்க ஐயா.”

“ஒரு சீல்கூட உடையலையா?”

“ஒண்ணுகூட இல்லைங்க ஐயா.”

குழுத் தலைவர் உணர்ச்சிவசப்பட்டு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “போற எடமெல்லாம் பாக்கறேன், பாதி பாட்டில் காலியா இருக்கு. கேட்டா பசங்க உபயோகிச்சாங்களாம்! உங்களை மாதிரி ஒருத்தரை இன்னிக்குத்தான் பாக்கறேன். இந்தப் பொண்ணு சொல்றதையும் நாம தள்ளிடக் கூடாது. எதுவும் நடக்காததும் ஒரு வினைதானே? அதுக்கு ஒரு பேரு வச்சு பாடத்துல சேத்துடுங்க.”

அப்படித்தான் ‘மௌன வினை’ பாடத்தில் சேர்ந்தது. அதைக் கண்டுபிடித்தவர் என்று துறைத் தலைவருக்குப் பாராட்டு விழா நடந்தது. ஏற்புரையில், இந்த வினைக்கு வேதிப்பொருள்களே தேவையில்லை என்பதால் மற்ற எல்லா வினைகளையும்விட இது உயர்ந்தது என்று அவர் விளக்கினார். ஸ்கேல் சார் அதற்குச் சமன்பாடும் எழுதினார். இரண்டு பக்கமும் அச்சாக ஒரே மாதிரி இருந்ததால் அது சமன்பட்டுத்தான் இருந்தது.

வருடக் கடைசித் தேர்வில் கேள்வி வந்தது: மௌன வினையை வரையறுத்து எடுத்துக்காட்டு தருக. கண்டக்டரம்மா எழுதினார்: ‘பாட்டிலில் இருக்க வேண்டியது இல்லாதபோது நடப்பது. எடுத்துக்காட்டு: எங்கள் துறை.’ மகள் வேறொரு அறையில் உட்கார்ந்து எழுதினாள். அவள் எழுதியதும் ஏறக்குறைய இதுதான் என்று பிறகு தெரிந்தது.

துறை அவசரக் கூட்டம் போட்டது. இருவரையும் பெயிலாக்க வேண்டும் என்று எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். அப்போது ஸ்கேல் சார்தான் மெல்லக் கேட்டார்: “பெயிலாக்கினா மறுபடியும் ஒரு வருஷம் இங்கதானே வருவாங்க?” மேசையைத் தட்டிய கைகள் மதிப்பெண் பட்டியலை எடுத்தன. தாயும் மகளும் நல்ல மதிப்பெண்ணில் தேறினார்கள்.

கண்டக்டரம்மா இப்போது குடிநீர் நிலையத்தில் இருக்கிறார். முதுகுக்குச் சாய்வு வைத்த நாற்காலி. கால் நீட்டிக்கொள்ள ஒரு முக்காலி. ஒரு நாள் காலையில் கதவைத் திறந்துகொண்டு துறைத் தலைவர் வந்தார். கையில் ஒரு பாட்டில் தண்ணீர். கல்லூரிக் கிணற்றில் உப்பு ஏறிவிட்டது என்று பேச்சு அடிபடுகிறதாம். மறுபடி தர ஆய்வு வருகிறதாம். தண்ணீர் நல்ல தண்ணீர் என்று எழுதி வாங்காவிட்டால் விடுதியை மூடிவிடுவார்களாம்.

“உக்காருங்க சார்” என்று நாற்காலி போட்டார் கண்டக்டரம்மா. “எந்தக் குழாய்த் தண்ணி சார்?”

“ஆய்வகக் குழாய்தாம்மா.”

மேசைப் பாட்டில்களை நிரப்பிய அதே குழாய். கண்டக்டரம்மா தண்ணீரைச் சோதனைக் குழாயில் ஊற்றினார். பழுப்புப் பாட்டிலைத் திறந்தார். துறைத் தலைவரின் கண் பாட்டிலின் கழுத்துக்குப் போனது. சீல் உடைந்திருப்பதைப் பார்த்து முகம் சுளித்தார். துளிகள் விழுந்தன. குழாய்க்குள் வெள்ளையாகத் திரண்டு, கட்டி கட்டியாகிக் கீழே இறங்கியது.

துறைத் தலைவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

“என்னம்மா இது?”

“தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு சார்.”

அவர் இன்னும் கிட்டே வந்து பார்த்தார். வாழ்நாளெல்லாம் பாடம் நடத்திய ஒன்றை முதல்முறையாகப் பார்க்கிறவரின் முகம் எப்படி இருக்கும் என்று கண்டக்டரம்மாவுக்குத் தெரியும். ஒரு கணம் அவரைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் அந்தக் கணம் சீக்கிரமே முடிந்தது. துறைத் தலைவர் சுதாரித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

“அம்மா… எதுவும் நடக்கலன்னு எழுதிடுங்களேன்.”

கண்டக்டரம்மா எழுதி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். குடிக்கத் தகாது என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அடியில் கோடு போட்டிருந்தார், ஸ்கேல் இல்லாமலே நேராக வந்திருந்தது. பிறகு சோதனைக் குழாயை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“துறைக்கு எடுத்துட்டுப் போங்க சார். பசங்க பாக்கட்டும். விரல்ல படாம புடிங்க, கழுவினா போகாது.”